வெள்ளிக்கிழமையானால் கத்தும் வண்டி

“வண்டி கத்துதுன்னா காதுல பஞ்ச வச்சுக்கங்க டீச்சர். அது வாயத் தைக்கவா நான் லைசென்ஸ் எடுத்தேன்?”

விளாங்குடி பஸ் நிறுத்தத்தில், காலை நேரத்தில், டீக்கடைக் கூட்டம் மொத்தமும் வேடிக்கை பார்க்க, என் தம்பி பொண்டாட்டி மலையம்மாள் இப்படிக் கேட்டாள். கேட்டது யாரிடம் என்றால், மாதா மாதம் சவாரிப் பணம் கொடுத்து அவள் அடுப்பில் உலை ஏறவைக்கிற சாருலதா டீச்சரிடம். ரேஷன் கடை வாசலில் இறங்கிக்கொள்ளலாம் என்று நானும் அவளுடைய வாடகைக் காரின் முன் சீட்டில் இருந்தேன். வாயை மூடு என்று அவள் தொடையில் கிள்ளினேன். கையைத் தட்டிவிட்டாள்.

சாருலதா டீச்சர் பதிலுக்குக் கத்துகிற ரகம் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மெதுவாகத்தான் பேசினார். வாடிப்பட்டிப் பள்ளிக்கூட வாசலில் வண்டி திரும்பும்போதே பிள்ளைகள் ஒன்றுகூடி கீச் கீச் என்று கத்துகிறார்களாம். வண்டியில் வருகிற நாலு டீச்சருக்கும் சேர்த்து கீச்சு டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டார்களாம். கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பின்னாலிருந்து கீச் என்று ஒரு சத்தம் வருகிறதாம், யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லையாம். திங்கட்கிழமை வண்டி சத்தமில்லாமல் வரவேண்டும், இல்லாவிட்டால் விஸ்வநாத்தின் வேனில் போய்க்கொள்கிறோம், அவரும் எப்போது கூப்பிடுவீர்கள் என்று கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு, பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

வாடிப்பட்டி சவாரி ஒன்றுதான் மலையம்மாளுக்கு நிலையான வரும்படி. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், கல்யாணத்துக்குப் போகிறவர்கள், ஏர்போர்ட்டுக்குப் போகிறவர்கள் எல்லாம் இன்றைக்குக் கூப்பிடுவார்கள், நாளைக்கு மறந்துவிடுவார்கள். டீச்சர்கள் அப்படி இல்லை. மழை வந்தாலும் பள்ளிக்கூடம் உண்டு. அது கைவிட்டுப் போனால் என் தம்பியின் சர்க்கரை மாத்திரையும் போகும், வீட்டு வாடகையும் போகும், அப்புறம் வண்டியும் போகும். இது அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் அப்படிப் பேசினாள். பயம் வந்தால் அவளுக்கு வாய்தான் முதலில் வரும்.

சத்தம் என்றால் சாதாரணச் சத்தம் இல்லை. வெண்கலப் பானையின் அடியைக் கரண்டியால் சுரண்டின மாதிரி இருக்கும். காலையில் வண்டியைக் கிளப்பியதும் ஒரு கீச். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் இன்னொரு கீச். ஏசியைப் போட்டால் கேட்கவே வேண்டாம், தெருநாய் எழுந்து ஓடும். அதனால் ஏசி ரிப்பேர் என்று டீச்சர்களிடம் சொல்லிவைத்திருந்தாள். சித்திரை வெயிலில் நாலு பேரும் முந்தானையால் விசிறிக்கொண்டே வாடிப்பட்டி போய் வந்தார்கள். வெள்ளிக்கிழமையானால் சத்தம் மற்ற நாளைவிடக் கூட இருக்கும். ஏன் வெள்ளிக்கிழமை என்று அவளுக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

மலையம்மாள் கீழக்குயில்குடிக்காரி. மலைக்கு அடியில் வீடு. சின்ன வயதிலேயே ஆடு ஏறாத பாறையில் இவள் ஏறி நிற்பாள் என்று அவளுடைய அம்மாவே சொல்லியிருக்கிறாள். என் தம்பி அருள்பாண்டிக்குக் கட்டிவைத்தபோது, கல்யாணப் பந்தலில் தாலி ஏறுகிறவரைக்கும் அவளை மணையில் உட்காரவைக்க இரண்டு பொம்பளைகள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி நான். இன்றைக்கும் நின்றுகொண்டுதான் சாப்பிடுவாள். டிவி பார்த்தாலும் நின்றுகொண்டுதான் பார்ப்பாள். வண்டி ஓட்டும்போது மட்டும்தான் அவள் உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன். என் புருசன் செத்து நான் இவர்கள் வீட்டோடு வந்த பிறகு, இவள் பின்னாலேயே பார்த்துப் பார்த்து என் கழுத்துதான் வலித்தது.

வண்டி முதலில் என் தம்பியுடையது. அவன்தான் டிரைவர். சர்க்கரை அவன் கண்ணில் இறங்கியது. கண் மங்குவதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. என் கூடப் பிறந்தவன்தான், ஆனாலும் சொல்கிறேன், வீம்பு பிடித்தவன். ஒருநாள் பரவையில் நின்றுகொண்டிருந்த கரும்புச்சாறு வண்டியில் போய் முட்டிவிட்டு, யாரோ நடுரோட்டில் நிறுத்திவிட்டான் என்று சாதித்தான். அந்த வண்டி ஓரமாகத்தான் நின்றது. அதோடு சாவியை மலையம்மாள் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அதுவரைக்கும் அவள் வீட்டில் பெரிய கிரைண்டர் போட்டுத் தெருவுக்கே மாவு அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கிரைண்டரை விற்றாள். நாற்பது வயதுக்கு மேலே பயிற்சிக்குப் போய், ஆம்பளைகள் சிரிக்கச் சிரிக்க எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கினாள். முதல் வாரம் எங்கள் தெருமுனை குப்பைத்தொட்டியை நசுக்கினாள். அப்புறம் ஒன்றையும் நசுக்கவில்லை.

கிரைண்டர் வைத்திருந்த காலத்துப் பழக்கம் ஒன்று அவளிடம் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு, சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, கிரைண்டர் கல்லுக்கு ஒரு அப்பு, மேலே ஒரு குங்குமம் வைப்பாள். தையல் மிஷின் சக்கரத்துக்கு ஒன்று. மேசை மேல் ஏறி மின்விசிறிக்கு ஒன்று. சுற்றுகிற சாமான்தான் சோறு போடுகிறது, சுற்றுகிறதை எல்லாம் சாமியாக நினைக்கவேண்டும் என்பது அவள் கணக்கு. எல்லாரும் ஆயுத பூஜைக்கு வருசத்துக்கு ஒருதரம் செய்வதை இவள் வாராவாரம் செய்தாள். வண்டி கைக்கு வந்ததும் அதற்கும் செய்தாள். நாலு சக்கரம், ஸ்டீயரிங், அப்புறம் பானெட்டைத் திறந்து உள்ளே. அவள் செய்வதில் பக்தியும் உண்டு, சும்மா இருக்கமுடியாத கையும் உண்டு. எது எவ்வளவு என்று நான் பிரித்துச் சொல்ல முடியாது.

அந்த வெள்ளிக்கிழமை டீச்சர்களை விட்டுவிட்டுத் திரும்பி வந்தவள், சாவியை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். விஸ்வநாத் கண்ணு வைத்துவிட்டான் என்றாள். எலுமிச்சம்பழம் வாங்கி வந்து வண்டியைச் சுற்றி நாலு சக்கரத்திலும் வைத்து நசுக்கினாள். கிளப்பினாள். கீச் என்றது. மெயின் ரோட்டு ஒர்க் ஷாப்பில் காட்டினாள். அவன் பானெட்டைத் திறக்காமலேயே டைனமோ போய்விட்டது, மாற்றவேண்டும் என்றானாம். திறந்து பார்த்துச் சொல் என்று இவள் சொல்ல, உனக்குத் தெரிந்தால் நீயே பார்த்துக்கொள் என்று அவன் சொல்ல, அங்கேயும் ஒரு சண்டை. ஆரப்பாளையத்தில் அவள் வழக்கமாகப் பார்க்கிற பக்கீர் முகமது பாய் கடைக்குப் போனால், தொழுகைக்குப் போனவர் அன்றைக்கு அப்புறம் கடை திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து திரும்பவும் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். எனக்குத் தலை சுற்றியது.

இதையெல்லாம் என் தம்பி ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். கண் போன பிறகு அவனுக்குக் காதுதான் எல்லாம். வண்டி தெருவில் வரும்போதே எந்த கியர் என்று சொல்வான். மறுநாள் சனிக்கிழமை காலையில் அவளைக் கூப்பிட்டு, பெல்ட்டு காய்ந்துவிட்டது, தேங்காய் எண்ணெய் விடு, எத்தனை லாரிக்கு நான் விட்டிருக்கிறேன் என்றான். பெல்ட்டு என்பது இஞ்சின் முன்பக்கம் சுற்றுகிற ரப்பர் வார். இஞ்சின் சுற்றினால் அது சுற்றும். அது சுற்றினால்தான் டைனமோ ஓடி பேட்டரி ஏறும், ஏசி ஓடும், ஸ்டீயரிங் லேசாகத் திரும்பும். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. அந்த இரண்டு நாளில் தெரிந்துகொண்டது.

தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொடுத்தது நான். ஊற்றியது அவள். வண்டியைக் கிளப்பினால் சத்தமே இல்லை. என் தம்பி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான். அன்றைக்கு அவன் முகத்தில் இருந்த கர்வத்தைப் பார்க்கவேண்டுமே. மலையம்மாள் அவனுக்கு ஒரு காபி போட்டுக் கொடுத்தாள். கேட்காமலேயே கொடுத்தாள், அது பெரிய விசயம்.

கீழக்குயில்குடியில் அன்றைக்கு அவளுடைய சித்தப்பா பேத்திக்குக் காதுகுத்து. நானும் போனேன். போகும்போது வண்டி வழுக்கிக்கொண்டு போனது. அய்யனார் கோயில் முன்னால் நிறுத்தி, நல்லபடியாக ஆக்கிவிட்டாய் என்று கும்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு மதியம் கிளம்பினோம். நாகமலை புதுக்கோட்டை தாண்டி நாலுவழிச் சாலையில் ஏறியதும் எனக்கு ஒரு வாடை அடித்தது. டயர் எரிகிற மாதிரி வாடை. ரோட்டில் எவனோ எதையோ எரிக்கிறான் என்றாள். துவரிமான் பக்கம் வரும்போது அவளுக்கு முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அதை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு ஓட்டினாள்.

வைகைப் பாலத்துக்கு முன்னால் ஸ்டீயரிங் இறுகிவிட்டது. பக்கத்தில் லாரிகள் புழுதியை வாரி அடித்துக்கொண்டு போகின்றன. இவள் இரண்டு கையாலும் ஆட்டுக்கல்லைச் சுற்றுகிற மாதிரி ஸ்டீயரிங்கை இழுத்து வண்டியை ஓரம் கட்டினாள். நெற்றியெல்லாம் வேர்வை. பானெட்டைத் திறந்தால் புகை வரவில்லை, ஆனால் எண்ணெயில் ஊறிய பெல்ட்டு சூடாகி நாறிக்கொண்டிருந்தது. ஆறவைத்து, ஆமை வேகத்தில் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். வீட்டுக்கு வந்து கட்டில் முன்னால் நின்று என் தம்பியைப் பார்த்தாள். அவன் வண்டி வந்த சத்தத்திலேயே தெரிந்துகொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவனை அவள் திட்டியிருந்தால்கூட நல்லது. திட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பக்கீர் முகமது பாய் கடை வாசலில் வண்டியை நிறுத்தினோம். நான் ஏன் போனேன் என்றால், தனியாக விட்டால் இவள் அங்கேயும் ஒரு சண்டை போட்டுவிட்டு வந்துவிடுவாள் என்றுதான். பாய்க்குக் காஜிமார் தெருவில் வீடு. கடை ஆரப்பாளையத்தில், ஒரு வேப்பமரமும் ஒரு தகரக் கொட்டகையும்தான். பாய் பானெட்டைத் திறந்தார், விரலால் தொட்டார், மோந்தார்.

“யாரு இதத் தாளிச்சது?” என்றார்.

மலையம்மாள் என்னைப் பார்த்தாள். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன்.

ரப்பரில் எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறும், வழுக்கும், சுற்றவேண்டியதைச் சுற்றாது, அதுதான் ஸ்டீயரிங் இறுகினது, நடு ரோட்டில் அறுந்து போகாதது உங்கள் நல்ல நேரம் என்று பாய் திட்டிக்கொண்டே விளக்கினார். இந்தப் பெல்ட்டு இனி ஆகாது, புதுசு போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கும் என்று இவள் குதித்தாள். பாய் யாருக்கோ போன் போட்டார். உதிரி சாமான் கடைக்காரர் கடைக்கு மேலேயே குடியிருக்கிறார், போய்ப் பாருங்கள் என்றார். சிம்மக்கல்லுக்கு ஆட்டோவில் ஓடி, பாதி ஷட்டரில் குனிந்து, புதுப் பெல்ட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். அட்டையில் நம்பர் எல்லாம் போட்டிருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது. பாய் பழசையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து நீளம் பார்த்து, உள்பக்கத்து வரிகளையும் எண்ணிப் பார்த்துவிட்டு மாட்டினார். கட்டை விரலால் அமுக்கி இறுக்கமும் பார்த்தார்.

கிளப்பினார். கீச் என்றது.

முன்னைவிடக் கொஞ்சம் குறைச்சல்தான், ஆனால் அதே கீச். மலையம்மாள் அப்படியே கொட்டகைத் தூணில் சாய்ந்துவிட்டாள். நாளைக்குத் திங்கட்கிழமை. டீச்சர்கள் வேனில் ஏறிப் போவதை அவள் அங்கேயே நின்று பார்த்துவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது.

“என்ன பாய், புதுசும் கத்துதே. என் நேரமா, இல்ல ஒங்க வேலையா?” என்றாள்.

பாய்க்குக் கோபம் வரவில்லை. எண்ணெயைப் பார்த்ததும் அதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன், மேற்கொண்டு பார்க்கவில்லை, தப்பு என்னுடையது என்று வாய்விட்டே சொன்னார். அப்புறம்தான் வேலையை முதலிலிருந்து ஆரம்பித்தார். ஒரு தண்ணீர் பாட்டிலின் மூடியில் ஓட்டை போட்டு, வண்டி ஓட ஓட பெல்ட்டின் உள்பக்கத்தில் தண்ணீரைப் பீச்சினார். சத்தம் டக்கென்று நின்றது. அவள் தூணை விட்டு நிமிர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் காய்ந்ததும் திரும்பக் கீச். பெல்ட்டு தொளதொளவென்று இருந்தால் தண்ணீர் பட்டதும் இன்னும் கூடத்தான் கத்தும், இது அடங்கி அடங்கி வருகிறது, அதனால் இறுக்கத்தில் குறை இல்லை, பெல்ட்டு உட்காருகிற இடத்தில்தான் என்னவோ இருக்கிறது என்றார்.

பெல்ட்டைக் கழற்றிவிட்டு வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டார். சத்தம் இல்லை. அப்போ இஞ்சினில் குறை இல்லை. பெல்ட்டு சுற்றுகிற புல்லி ஒவ்வொன்றையும் கையால் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொன்றும் வெண்ணெய் மாதிரி சுற்றியது. அப்போ பேரிங்கும் போகவில்லை. இரும்பு ஸ்கேலை வைத்து எல்லாம் ஒரே நேர்கோட்டில் நிற்கிறதா என்றும் பார்த்தார். நின்றது. இவ்வளவையும் அவர் பார்க்கிற வரைக்கும் மலையம்மாள் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பாய் இரண்டு தடவை உட்காருங்கள் தங்கச்சி என்றார். உட்காரவில்லை.

கடைசியில் போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். புல்லியில் சுற்றிலும் மெல்லிசாக வரிவரியாகப் பள்ளம் இருக்கும். பெல்ட்டின் வரி அந்தப் பள்ளத்தில் அமுங்கி உட்காரவேண்டும். டைனமோ புல்லியில் அங்கங்கே அந்தப் பள்ளம் தூர்ந்துபோய் மஞ்சளாக இருந்தது. பாய் ஒரு கம்பியால் சுரண்டி எடுத்துத் தாளில் வைத்தார். காய்ந்த கல் மாதிரி ஒரு துண்டு. அதில் லேசாகச் சிவப்பும் இருந்தது. அவர் மோந்து பார்த்தார். அப்புறம் தாளை மலையம்மாளிடம் நீட்டினார்.

“ஏதோ மண்ணு அடைச்சிருக்கு போல” என்றாள் அவள்.

“தங்கச்சி, இது எங்க ஆளுங்க வீட்டுச் சாமான் இல்ல. மோந்து பாருங்க.”

அவள் மோந்து பார்த்தாள். மறுபடியும் மோந்து பார்த்தாள். எனக்கு அங்கே நின்ற இடத்திலேயே விளங்கிவிட்டது. எனக்கு மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

“வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நீ அப்புன சந்தனம்டி” என்றேன்.

அவள் முகம் போன போக்கை நான் பார்த்திருக்கக்கூடாது. என் தம்பியின் கண் போய்விட்டது என்று டாக்டர் சொன்னபோதுகூட அவள் அப்படி நிற்கவில்லை. கிரைண்டர் கல்லுக்கு வைத்த மாதிரிதான் இதற்கும் வைத்திருக்கிறாள். கல்லுக்கு வைத்தால் கழுவினால் போய்விடும். இதற்கு வைத்தது பள்ளத்தில் இறங்கி, பெல்ட்டு அமுக்கி, இஞ்சின் சூட்டில் வெந்து, அடுத்த வாரம் அதன் மேலே இன்னொரு அப்பு. சத்தம் வந்ததும் சாமிக்கு ஏதோ குறை என்று இன்னும் கெட்டியாகக் குழைத்து வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமையானால் ஏன் கூடக் கத்தியது என்பதற்கு வேறு என்ன காரணம் வேண்டும்?

“சாமிக்கு வச்சது எப்படி மதினி கெடுதல் பண்ணும்?” என்று என்னைக் கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

பாய்தான் பேசினார். “சாமிக்கு வச்சது சாமிகிட்ட இருந்தா ஒண்ணும் பண்ணாது. பல்லுக்கு எடையில போனா வெல்லமும் குத்தத்தான் செய்யும். எங்க ஆளு ஒருத்தர் தர்காவுல மந்திரிச்ச கயித்தக் கொண்டாந்து ரேடியேட்டர் பேன்ல கட்டிட்டாரு. வண்டி கெளம்பினதும் கயிறு சுத்தி, பேனும் போச்சு, கயிறும் போச்சு. அவரு வந்து எங்கிட்ட, கயித்துக்கு என்ன ஆச்சுன்னுதான் மொதல்ல கேட்டாரு.”

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. ஆனால் முந்தானையைச் செருகினாள். பாயிடம் ஒரு பழைய பல் துலக்குகிற பிரஷ் வாங்கினாள். சோப்புத் தண்ணீர் வாங்கினாள். நான் பண்ணியதை நானே எடுக்கிறேன் என்று பானெட்டுக்குள் தலையை விட்டாள். பாய் விளக்குப் பிடித்தார். ஒவ்வொரு பள்ளமாக, ஊறவைத்து, கம்பியால் நோண்டி, பிரஷால் தேய்த்தாள். டைனமோ புல்லியில் மட்டும் இல்லை, ஏசி புல்லியிலும் இருந்தது, அடியில் இஞ்சின் புல்லியிலும் இருந்தது. எங்கெல்லாம் கை போகுமோ அங்கெல்லாம் வைத்திருக்கிறாள். கை போகாத இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. என் தம்பி புண்ணியத்தில் ஒட்டிக்கொண்டிருந்த தேங்காய் எண்ணெயும் சோப்பில் போனது. சோப்புத் தண்ணீர் சந்தன வாடையோடு கொட்டகைத் தரையில் ஓடியது. அதை மிதிக்காமல் தாண்டித் தாண்டி நடந்தாள். பாயும் தாண்டித்தான் நடந்தார்.

துடைத்துக் காயவைத்து, பெல்ட்டை மாட்டி, இறுக்கம் பார்த்து, அவளையே கிளப்பச் சொன்னார். கிளப்பினாள். சத்தம் இல்லை. ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடித்தாள். இல்லை. ஏசியைப் போட்டாள். இல்லை. அணைத்துவிட்டுத் திரும்பக் கிளப்பினாள். அணைத்தாள், கிளப்பினாள். போதும் தங்கச்சி, இப்போ நீங்கள்தான் சத்தம் போடுகிறீர்கள் என்றார் பாய்.

ஆனாலும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. எண்ணெய் விட்டபோதும் இப்படித்தானே அடங்கியது, அப்புறம் பாலத்துப் பக்கம் வைத்து மானத்தை வாங்கவில்லையா என்றாள். அன்றைக்குச் சாயங்காலம் வரை பத்துத் தடவையாவது பானெட்டைத் திறந்து மூடியிருப்பாள். பரவை வரை போய் வந்தாள். சமயநல்லூர் வரை போய் வந்தாள். சோற்றை வாயில் வைக்கும்போதுகூடக் காது வாசலில்தான் இருந்தது. என் தம்பி கட்டிலிலிருந்து என்ன ஆச்சு என்று கேட்டான். பெல்ட்டு மாற்றியாயிற்று என்று மட்டும் சொன்னாள். சந்தனத்தைப் பற்றிச் சொல்லவில்லை. எண்ணெயைப் பற்றியும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நான் எதையும் சொல்லாமல் விடுவது அபூர்வம்.

திங்கட்கிழமை காலையில் நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். வாடிப்பட்டியில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. வீட்டில் இருந்தால் என்ன ஆனதோ என்று அவளைப் போலவே நடந்துகொண்டிருப்பேன், அதற்கு இது மேல். பஸ் நிறுத்தத்தில் வண்டி போய் நின்றது. டீச்சர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வண்டி வந்ததே அவர்களுக்குத் தெரியவில்லை. இவள் ஹாரன் அடிக்கவேண்டியிருந்தது. விஸ்வநாத்தின் வேன் அந்தப் பக்கம் மெதுவாக வந்து, பார்த்துவிட்டு, மெதுவாகவே போனது.

ஏறி உட்கார்ந்ததும் என் போன் அடித்தது. என் தம்பி.

“என்னக்கா, நேரமாச்சு, வாசல்ல நின்னுக்கிட்டு என்ன பண்றீங்க, இவ இன்னும் கெளம்பலையா? வண்டிச் சத்தத்தையே காணோமே” என்றான்.

போனில் அவன் கத்தித்தான் பேசுவான். பின் சீட்டில் நெருக்கி உட்கார்ந்திருந்த நாலு பேருக்கும் கேட்டது. யாரோ ஒருத்தர் சிரித்தார். மலையம்மாள் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சமயநல்லூர் தாண்டியதும் கையை நீட்டி ஏசியைப் போட்டாள். போட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நானும் பிடித்துக்கொண்டிருந்தேன். குளிர்காற்றுதான் வந்தது.

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் தயாராக நின்றார்கள். வண்டி திரும்பியது. சத்தம் இல்லை. ஒருத்தன் மட்டும் பழக்கதோசத்தில் கீச் என்றுவிட்டான். மற்றப் பிள்ளைகள் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் குரலைச் சாருலதா டீச்சர் அடையாளம் பிடித்துக்கொண்டார் என்பது அவர் கதவைத் திறந்த வேகத்திலேயே தெரிந்தது. இறங்கி நாலு எட்டு நடந்தவர் திரும்பி வந்து, சாயங்காலம் கொஞ்சம் சீக்கிரம் வாங்க மலையம்மா, இன்னைக்குப் பெற்றோர் கூட்டம் இல்லை என்றார். அவ்வளவுதான். வேனைப் பற்றிப் பேச்சே இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சந்தனம் குழைத்துக்கொண்டு பானெட்டைத் திறந்து ரொம்ப நேரம் நின்றாள். கை அங்கே போவதும் இங்கே வருவதுமாக இருந்தது. கடைசியில் பானெட் மூடியின் உள்பக்கத்தில், எதுவும் சுற்றாத இடமாகப் பார்த்து, ஒரே ஒரு பொட்டு வைத்துவிட்டுப் பட்டென்று மூடினாள்.

தெருவில் யாராவது சத்தம் எப்படி நின்றது என்று கேட்டால், இஞ்சினையே கீழே இறக்கி ஏற்றினேன், பெரிய வேலை, பெரிய செலவு என்கிறாள். டீச்சர்களிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். விஸ்வநாத்துக்கும் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்து, அவன் அந்தக் காலத்து வண்டிக்கு இவ்வளவு செலவா என்று வருத்தப்பட்டானாம். நான் பக்கத்தில் நின்றால் என் காலை மிதிப்பாள். மிதித்தால் மிதிக்கட்டும். சிம்மக்கல்லில் பாதி ஷட்டரில் குனிந்து அவள் வாங்கி வந்தது ஒரே ஒரு பெல்ட்டு, விலை அறுநூற்று எண்பது ரூபாய்.